ஐந்து மணிக்கு வந்த ஒரே ஆள்

குளிரைச் செய்வதுதான் என் தொழில். மெல்பேர்ணின் மேற்குப் புறத்துச் சுப்பர்மார்க்கெட்டுகளில் குளிர் அறைகளுக்கு இயந்திரம் பூட்டுவேன், பழுது பார்ப்பேன். 2011 ஜூனில், இங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம், எங்கள் தமிழ் மண்டபத்தைச் சூடாக்கும் பழைய காஸ் ஹீற்றரில் நச்சுப் புகை கசிகிறது, இனிப் பற்றவைக்கக் கூடாது என்று சோதிக்க வந்தவர் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனார். எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். நான் பிசையவில்லை. ஒரு பக்கம் குளிரைத் தருகிற இயந்திரம் மறுபக்கம் சூட்டைத் தள்ளுகிறது. அதைத் திருப்பிப் பூட்டினால் ஹீற்றர். காஸும் வேண்டாம், புகையும் இல்லை, மின்சாரமும் கொஞ்சம்தான்.

அந்த மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் என் மனைவி பரதநாட்டியம் பழக்கினாள். பன்னிரண்டு பிள்ளைகள். ஹீற்றர் நின்றதும் பலகைத் தரை சில்லிட்டுப்போக, பிள்ளைகள் காலுறையோடு ஆடத் தொடங்கினார்கள். வழுக்கி இரண்டு பேர் விழுந்தார்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய கோபம் வேறொன்றில்.

"காலுறையோட தட்டினால் சத்தம் கேக்குதோ? சத்தமில்லாட்டி தாளம் பிழைச்சது எப்பிடித் தெரியும்? இந்த வருசம் இப்பிடியே இழுப்பம். வாற குளிருக்கும் ஹீற்றர் இல்லையெண்டால் நான் வகுப்பை விட்டிடுவன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். பதினான்கு ஆண்டுகள் நடந்த வகுப்பு. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, வெளியில் காட்டவில்லை.

நல்ல வேளையாக, கலை நிகழ்ச்சிகள் நடக்கும் மண்டபங்கள் காஸை விட்டு மாறினால் பாதிச் செலவை அரசு தரும் என்றொரு திட்டம் வந்தது. விண்ணப்பத்தை நானே எழுதினேன். முந்நூறு பேர் இருக்கிற மண்டபம், உயர்ந்த கூரை, ஓயாமல் திறந்து மூடும் கதவு. எல்லாவற்றையும் கூட்டி, பந்திக்கு அரிசி போடுகிறவன்போல் மேலும் ஒரு பங்கு கூட்டிப் போட்டேன். குறைந்துபோய்விட்டால் வந்தவர்கள் என்ன சொல்வார்கள்! அந்த அளவு இயந்திரத்துக்கு விலை வந்தது. அதைக் கேட்டதும் மண்டபத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அரசாங்கம் பாதி தந்தாலும் மிச்சப் பாதிக்கு எங்க போறது? ஆனையைக் கட்டித் தீனி போட ஏலாது."

சுருக்கென்றது. ஆனாலும் விண்ணப்பத்தை அனுப்பினேன்.

ஓகஸ்ட்டில் மண்டபத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. திட்டத்தின் பரிசோதகர், ஒரு வெள்ளைக்காரப் பெண், மண்டபத்தில் ஆட்கள் கூடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஐந்து மணி என்று அச்சடித்த அழைப்பிதழையே அவருக்கு அனுப்பிவைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ஐந்து என்று போட்டால்தான் ஆறரைக்காவது வருவார்கள் என்பது எங்களில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத பாடம். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரியாக ஐந்து மணிக்கு வந்துவிட்டார். மண்டபத்தில் நானும், உட்கார ஆளில்லாத முந்நூறு கதிரைகளும். நடு வரிசையில் வெப்பமானியை வைத்தார். பதினொரு பாகை. குறித்துக்கொண்டு கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதா என்று கேட்டார்.

"இல்லை, வருவார்கள்," என்றேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. தேநீர் கொடுத்தேன். ஐந்தரைக்கு மறுபடியும் கொடுத்தேன், வடையோடு.

ஆறரைக்குக் கார்கள் வரத் தொடங்கின. ஏழுக்கு மண்டபம் நிறைந்தது. எட்டு மணிக்கெல்லாம் கோட்டுகள் கதிரைகளின் முதுகில் தொங்க, முன்வரிசையில் வயதான ஓர் அன்ரி அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஆராவது அந்த யன்னலைத் திறவுங்கோவன், அவியுது!"

பரிசோதகர் என்னை அழைத்து வெப்பமானியைக் காட்டினார். இருபத்தைந்து. அதுவும் ஹீற்றரே இல்லாமல். ஐந்து மணிக்கே வந்ததால் வெறும் மண்டபத்தின் குளிரையும் நிறைந்த மண்டபத்தின் சூட்டையும் ஒரே நாளில் அளந்திருந்தார்.

குளிர் அறைக்குள் பெட்டி தூக்கப் போகிற ஒருவனின் உடல் சூட்டைக்கூட நான் கணக்கில் எடுப்பவன். என் சனம் முந்நூறு பேரின் சூட்டை மறந்துபோனேன். வெட்கமாகப் போய்விட்டது.

"இங்கே உண்மையில் குளிரில் கஷ்டப்படுவது யார்?" என்று கேட்டார்.

"ஞாயிறு காலையில் பன்னிரண்டு பிள்ளைகள். வெறுங்காலோடு ஆட வேண்டியவர்கள்."

"அப்படியானால் அவர்களுக்குப் போதுமானதை வாங்குங்கள்."

பிள்ளைகள் ஆடும் மேடைப் பக்கத்துக்கு மட்டும் ஒரு சின்ன இயந்திரம், மண்டபத்தின் குறுக்கே இழுத்து மூட ஒரு தடித்த திரை. விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினேன். பூட்டுகிற கூலியும் இல்லை, அது என் கைவேலை. இந்த முறை தலைவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி!"

கையெழுத்துப் போடப் பேனையை நீட்டினேன்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஒரு ஞாயிறு. வகுப்புக்கு அரை மணி முன்பே போய் இயந்திரத்தைப் போட்டுவிட்டு, திரையோரம் ஒரு கதிரையில் இருந்தேன். மனைவி வந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தரையில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். யாரும் கேட்காமலே காலுறைகளைக் கழற்றிச் சுவரோரம் போட்டார்கள்.

அவள் தட்டுக்கழியால் தாளம் போட்டாள். இருபத்துநான்கு கால்கள் பலகையில் விழுந்தன. போன குளிர்காலம் முழுக்க அந்த மண்டபத்தில் கேட்காத சத்தம்.

"மூண்டாவது வரிசை, பிழை!" என்று கத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை.