புள்ளி பார்க்க ஓர் ஆள்

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிய பிறகுதான் கண்ணாடிக்காரர் எதையும் படிப்பார். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கடையில் துடைக்கிற மெத்துத்துணி அடுக்கடுக்காய் இருக்கிறது. சட்டையில் துடைக்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். தனக்கு மட்டும் சட்டை நுனி.

கல்லாவுக்குக் கீழே ஓர் இழுப்பறை நிறையக் காலி மருந்துப் பெட்டிகள். நோயாளி என்று நினைத்துவிடாதீர்கள், ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைக் கைபேசி படம்பிடித்து உரக்கப் படித்துச் சொல்லும் ஒரு மென்பொருளை, கண் மங்கியவர்களுக்காக அவர் தொடங்கிவைத்தார். அது சரியாகப் படிக்கிறதா என்று சோதிக்கத்தான் இந்தப் பெட்டிகள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது. முகம் பாராத பத்துப் பன்னிரண்டு பேர் எங்கெங்கிருந்தோ ஆசையாய் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை விரட்டியதும் அவர்தான், பாவம், தெரியாமலே. குழுவில் பெயர் இருந்தால் நிரல் எழுத வேண்டும், அடுத்தவர் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும், சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், வாரக் கூட்டத்துக்கும் வர வேண்டும். "வந்தா முழுசா வாங்க, இல்லேன்னா விட்டுடுங்க" என்பார். ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அத்தனை வேலையும் இவர் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, யார் எதைச் சரிபார்த்தாலும் இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் தானும் ஒரு தடவை பார்த்தால்தான் இவருக்குத் தூக்கம் வரும்.

போன மாதம், குழுவில் மிஞ்சியிருந்த நர்ஸம்மாவும் எழுதிவிட்டார். "குழந்தை பொறந்திருக்கு. எல்லாத்தையும் பார்க்க முடியலைங்க. என் பேரை எடுத்துடுங்க."

கண்ணாடிக்காரருக்குத் திக்கென்றது. 0.5 மில்லி என்றிருந்த சொட்டு மருந்தை மென்பொருள் ஒரு முறை ஐந்து மில்லி என்று படித்தது. நடுவிலிருந்த புள்ளியை விழுங்கிவிட்டது. இவர் உட்பட எல்லோரும் கோட்டைவிட்டதை, வெளியிடுவதற்கு முன் பிடித்தவர் நர்ஸம்மாதான். அவர் போனால் அடுத்த பதிப்பில் புள்ளியை யார் பார்ப்பது? யாரோ ஒரு பெரியவர் பத்து மடங்கு குடித்துத் தொலைத்தால்?

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. கடைக் கணக்கைப் பார்க்கும் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "திருகாணி முடுக்க மட்டும் வர்றவங்ககிட்ட, கண்ணாடி வாங்கினாத்தான் உள்ள விடுவேன்னு சொல்றீங்களா? ஸ்டூலைப் போட்டு உக்காரவைக்கிறீங்கல்ல? அங்க மட்டும் என்ன கெடுபிடி?"

"அது வேற, இது வேற" என்று முணுமுணுத்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் பெரிய வேலையைச் சின்னச் சின்னதாய் நறுக்கிவிட்டார். படம் மட்டும் எடுத்து அனுப்ப ஓர் ஆள். கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் ஓர் ஆள். கூட்டம் கிடையாது, முடியாத வாரம் சும்மா இருந்துவிடலாம், ஆனால் குழுப் பட்டியலில் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்.

"புள்ளியை மட்டும் பாருங்கம்மா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று நர்ஸம்மாவுக்கு எழுதினார்.

"அவ்வளவுதானா? அதுக்குப் போய் பேரை எடுக்கச் சொன்னேனே!" என்று பதில் வந்தது.

எப்போதோ விட்டுப்போன லாரி டிரைவரும் திரும்பிவிட்டார். "வண்டி நிக்கிற எடத்துல ரெண்டு படம் எடுத்துப் போடறேன் சார். நம்மளால அவ்வளவுதான்." அவ்வளவு போதுமே! இப்போதெல்லாம் கண்ணாடிக்காரர் கடையிலுள்ள கண்ணாடிச் சட்டங்களைத் துடைக்கும்போது ஏதோ ராகம் முனகுகிறார். ராகம் சரியில்லை, மனசு நிறைந்திருக்கிறது.

நேற்றுப் புதிய பதிப்பை வெளியிடும் நாள். "குழந்தையை மடியில போட்டுக்கிட்டே பார்த்துட்டேன். புள்ளியெல்லாம் பத்திரமா இருக்கு" என்று நர்ஸம்மாவின் செய்தி வந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பழக்கதோஷம், கை இழுப்பறைக்குப் போய், மேலாக இருந்த மருந்துப் பெட்டியைத் தொட்டுவிட்டது. மனைவி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்து, முழங்காலால் இழுப்பறையைத் தள்ளி மூடிவிட்டு, வெளியிடும் பொத்தானை அழுத்தினார்.