ஹப்பப் என்று எழுதியவன்

முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன். அதில் எனக்கு மிஞ்சியது திமிர்தான்.

ஓய்வு பெற்றபின் ஏரியூர்ப் பக்கம், காட்டை ஒட்டி வீடு கட்டினேன். பக்கத்து மானாவாரிக் கொல்லையில் ஒரு பெண் தனியாக நிலக்கடலை, இந்தப் பக்கத்துப் பேச்சில் கள்ளக்கா, போட்டிருந்தாள். பொழுது சாயும்போது காட்டுப்பன்றிகள் இறங்கும். முதலில் பார்ப்பவர் நீளமாகக் குரல் கொடுப்பார். அடுத்த கொல்லைக்காரர் அதை வாங்கி, தகரத்தைத் தட்டி, அதற்கடுத்தவருக்கு அனுப்புவார். பன்றிகள் எந்தப் பக்கம் திரும்பின என்பது குரல் போகும் திசையிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்தச் சத்தத்தில் என்னால் டிவியில் செய்தி கேட்க முடியவில்லை. என் இழப்பு அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் கொல்லைச் சத்தத்தைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மொட்டை மனு தட்டச்சு செய்து அனுப்பினேன். அதில் ‘ஹப்பப்’ என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டுவிட்டு, அதன் அழகை நானே படித்துப் படித்து ரசித்தேன். அற்பன்.

போலீஸ்காரர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மிரட்டி, மனுவின் நகலைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“சார், இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன், யாரோ எழுதியதைப் போல.

“இதென்னங்க, ரெண்டு தடவ வருது?” என்று ஹப்பப்பின் மேல் விரல் வைத்தாள்.

“சத்தம்னு அர்த்தம்மா.”

“எங்க சத்தத்துக்கு இங்கிலீசுல பேரு வேற வச்சிருக்காங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் கொல்லையில் குரல் நின்றது. ஐந்தாம் நாள் காலை அங்கே செடி இல்லை, குழிகள்தான் இருந்தன.

அன்றுதான் அகராதியைப் புரட்டினேன். அந்தச் சொல்லின் பிறப்பு உறுதியில்லையாம். அயர்லாந்துக்காரர்களின் போர்முழக்கமான ‘அபூ’விலிருந்து வந்திருக்கலாம், அல்லது அவர்கள் மொழிக்கு உறவான இன்னொரு மொழியில் வெறுப்பைக் காட்டும் ‘ஊப், ஊப்’ என்ற ஒலியிலிருந்து வந்திருக்கலாம். ஒரு மக்கள் தங்களுக்குள் கூவி அழைத்துக்கொண்டதை, புரியாத ஆங்கிலேயன் வெறும் இரைச்சலாக்கிக்கொண்டான். அவனுக்காவது அந்த மொழி தெரியாது. எனக்கு இந்தக் குரலின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். நானும் கொல்லைக்காட்டில் கத்தி வளர்ந்தவன்தான்.

போய்ச் சொன்னேன். அவள் குழிகளில் மிஞ்சிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த மனு நான் எழுதினதும்மா.”

நிமிரவில்லை.

“தெரியுங்க சார். இந்தச் சுத்துப்பட்டுல இங்கிலீசுல எழுதறவங்க வேற யாரு இருக்காங்க? உங்க வாயால சொல்லிருவீங்கன்னுதான் அன்னைக்குக் காயிதத்தத் தூக்கிட்டு வந்தேன்.”

காய்களை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.

“நவுந்து நில்லுங்க. கள்ளக்கா மேல நிக்கறீங்க.”