இடைவேளை வரைக்கும் மாப்பிள்ளை

சென்ற மாதம் ஒரு பேஸ்பால் அணியின் பொருட்டு என் மைத்துனரை மூளை கழன்றவர் என்று தொலைபேசியில் திட்டினேன். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அணியும் அங்கேதான் இருக்கிறது. லண்டனில் இருக்கும் எனக்கு, அந்த விளையாட்டில் பக்கத்துக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்பதுகூடச் சரியாகத் தெரியாது. ஆனால் பந்தெறிகிற ஒருவனுக்கு நிர்வாகம் கொட்டிக்கொடுத்த சம்பளம் அநியாயம் என்பதும், அந்த அணி உருப்படாது என்பதும் எனக்கு ஐயந்திரிபறத் தெரிந்திருந்தது. மைத்துனர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் சுவரைப் பார்த்து மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். "உங்களுக்கு இது பரம்பரை வருத்தம்" என்றாள் என் மனைவி.

வைத்தியம் படிக்காதவள், ஆனால் கண்டுபிடித்துவிட்டாள். அந்த நோய் எனக்குத் தொற்றிய இடம் மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறை. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு அப்போது பதினொரு வயது.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஒழுங்கை மட்டுமே பிரித்து வைத்திருந்த ஊர்கள் லண்டனுக்கு வந்தபிறகு தனித்தனி உதைபந்தாட்டக் கழகங்களாகிவிட்டன. ஒவ்வொரு கோடையிலும் ஸ்ட்ரெதம் பக்கத்து மைதானம் ஒன்றில் அவை மோதிக்கொள்ளும். எங்கள் ஊர்க் கழகத்துக்கு அப்பா தலைவர். அம்மாவின் தம்பியான மாமா செயலாளர். அப்பாவின் அண்ணரான பெரியப்பாவுக்குப் பதவி எதுவும் இல்லாததால், குறை சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார். அணியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கோல் காப்பவர் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்கு வருவார். எதிரணி பந்தோடு வரும்போது கொட்டாவி விடுவார். பின்னால் நின்ற இருவருக்கும் வயிறு முன்னால் நின்றது. பக்கத்து ஊருக்கு எதிராக நாங்கள் பெற்ற ஒரே கோலை அந்த ஊர் ஆட்டக்காரன் ஒருவன்தான் தவறுதலாகத் தன் பக்கத்துக்கே அடித்துத் தந்திருந்தான். அதை நாங்கள் இரண்டு வருடம் கொண்டாடினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்னறை கொதிக்கும். அந்த வருடம் கொதித்தது மாமா கொண்டுவந்த யோசனையால். பாரிஸில் ஒரு முன்கள ஆட்டக்காரர் இருக்கிறார், விமானச் சீட்டுப் போட்டு அவரை இறக்கினால் கிண்ணம் எங்களுக்குத்தான் என்றார் மாமா.

"சப்பாத்து வாங்கக் காசில்லை, பிளேனுக்குக் காசிருக்கோ?" என்று பெரியப்பா சோபாவில் எழும்பி உட்கார்ந்தார். "உள்ள பெடியளைப் பழக்குங்கோவன்."

"உள்ள பெடியளுக்கு நாப்பது வயசு, அண்ணை" என்றார் மாமா. "இனி எதைப் பழக்கிறது?"

"ஆளை வாங்கி வெல்லுறது ஒரு வெற்றியோ? மானங்கெட்ட வெற்றி."

"தோத்துத் தோத்து மானம் வளந்திட்டுதாக்கும்."

அம்மா குசினியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். கழகத்தின் காசெல்லாம் அவர் பொரித்து விற்ற ரோல்ஸில் வந்தது. "ஆள் இறக்கிறியளோ, ஆனை இறக்கிறியளோ எனக்குத் தெரியாது. அது என்ர கை எண்ணெயில வெந்த காசு. அதை நினைச்சுக்கொண்டு கத்துங்கோ" என்றுவிட்டுப் போனார். ஒரு நிமிடம் எல்லோரும் அதை நினைத்துக்கொண்டு கத்தினார்கள்.

அக்காவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஸ்ட்ரெதமில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இந்தச் சண்டைகளுக்கு நடுவே அவள் தேநீர்த் தட்டோடு வந்து போவாள். அவளோடு அந்த அறை பேசிய ஒரே வார்த்தை "சீனி காணாது பிள்ளை" என்பதுதான்.

நான் மாமாவின் கட்சி. செலவழிக்க வேண்டும், வெல்ல வேண்டும், பக்கத்து ஊர்ப் பெடியன்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்த வேண்டும். என் அரசியல் அவ்வளவுதான்.

கடைசியில் சீட்டுப் போடுவதென்று முடிவானது. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. கழகங்கள் எல்லாம் கூடி வைத்த விதிப்படி ஓர் ஊருக்கு ஆடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாயோ தகப்பனோ அந்த ஊராக இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும், குறைந்தது பேசியாவது இருக்க வேண்டும். பாரிஸ்காரர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மறுகோடியைச் சேர்ந்தவர். எங்கள் ஊர் வழியாகப் பஸ்ஸில் போயிருந்தாலே பெரிய காரியம்.

"ஊர் மாப்பிள்ளை எண்டு சொல்லுவம்" என்றார் மாமா.

"எந்தப் பிள்ளை எண்டு கேட்டால்?" என்றார் அப்பா.

"ஆர் அத்தான் கேக்கப்போயினம்? பேச்சு நடக்குது எண்டால் முடிஞ்சுது."

வீண்செலவை எதிர்த்த பெரியப்பா பொய்யை எதிர்க்கவில்லை. பொய்க்குச் செலவில்லை.

பாரிஸ்காரர் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவுகிறவர். வந்ததும் அம்மா போட்ட சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் விழுந்து தூங்கினார். அக்கா அவருக்கு இரண்டாம் முறை கறி ஊற்றினாள். அவர் "காணும் தங்கச்சி" என்றார். அவர்களுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தை அதுதான்.

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன்பே பக்கத்து ஊர்த் தலைவர் நடுமைதானத்துக்கு வந்துவிட்டார். அவருக்கு நூறு ஊர் முகம் தெரியும். "இவர் ஆர்? உங்கட ஊரில இந்த முகத்தை நாங்கள் ஒருநாளும் காணேல்லையே."

"எங்கட ஊர் மாப்பிள்ளை" என்றார் மாமா.

"ஆரின்ர மாப்பிள்ளை?"

மாமாவின் கண்கள் மைதானத்தைச் சுற்றின. ஓரத்து மரத்தடியில் அம்மாவும் அக்காவும் ரோல்ஸ் மேசை போட்டிருந்தார்கள். கண்கள் அங்கே நின்றன. "தலைவரின்ர மகளுக்குப் பேசியிருக்கு."

பக்கத்து ஊர்த் தலைவர் அப்பாவிடம் திரும்பினார். "ஓமோ, தலைவர்?"

நான் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன். அப்பா புல்லைப் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றார். நடுவர் விசில் ஊதினார். கழகத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பெரியப்பா கோட்டோரத்துக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மகிழ்ச்சியில் கைதட்டினேன்.

அந்த மைதானத்தில் ஒரு வான் வண்டியின் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, வர்ணனையாளர் ஒருவர் செந்தமிழில் முழங்கிக்கொண்டிருப்பார். பாரிஸ்காரர் முதல் கோலை அடித்ததும் அவர் துள்ளிவிட்டார். "கோல்! கோல்! பாரிஸ் மாநகரிலிருந்து வருகை தந்திருக்கும் எமது தலைவரின் வருங்கால மருமகன் அடித்த அற்புதமான கோல்!"

அக்கா ஒரு கோப்பைக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாளாம். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "கள்ளி, எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லையே" என்று ஒருத்தி கன்னத்தில் கிள்ளினாளாம். கோப்பை நிரம்பி, தட்டு நிரம்பி, தேநீர் மேசை வழியாக ஓடியது என்று அம்மா பிறகு சொன்னார்.

இரண்டாவது கோலும் விழுந்தது. எங்கள் ஊர்ச்சனம் "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்று கத்தத் தொடங்கியது. நான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினேன்.

இடைவேளை வந்தது. ஆட்டக்காரர்கள் தோடம்பழச் சுளை உறிஞ்சிக்கொண்டிருந்த இடத்துக்கு அக்கா நடந்து வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நேரே அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, இது என்ன கதை?"

"பிள்ளை, மச் முடியட்டும். வீட்ட போய்க் கதைப்பம்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அதைத்தான் கேக்கிறன்."

அப்பா தோடம்பழத்தோலைக் கையில் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். அக்கா வானடிக்குப் போய் வர்ணனையாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். செந்தமிழில் இவ்வளவு நேரம் முழங்கியவர் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்.

"எல்லாரும் மன்னிக்கவேணும்" என்றது ஒலிபெருக்கி. "அந்த ஆளை நான் நேற்றுத்தான் முதன்முதல் கண்டனான். சாப்பாடு போட்டனான். எனக்கு ஒருத்தரையும் பேசேல்லை. பேசினது எண்டு சொன்னது பொய்."

அடுத்த கணம் பக்கத்து ஊர் வெடித்தது. கோல்களை அழித்தார்கள். எங்கள் அணியைப் போட்டியிலிருந்தே தூக்கினார்கள். பாரிஸ்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு தோடம்பழம் எடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பிய வானில் எல்லோருக்கும் கோபம். ஒருவரோடொருவர் அல்ல, எல்லோருக்கும் அக்காவோடு. அதில் மிகவும் கொதித்தவர் பெரியப்பாதான். "இவ்வளவு காசைக் கொட்டி ஆளைக் கொண்டுவந்து, பாதியில கலைச்சுப்போட்டாளே!" என்று இருக்கையைக் குத்தினார். செலவழிக்கவே கூடாது என்று நின்றவர், செலவு வீணானதும் அதைத் தன் பணமாகவே பாவித்தார்.

"ஒரு பாதி" என்றார் மாமா. "இன்னும் ஒரே ஒரு பாதி. பொறுத்திருந்து வீட்ட வந்து கத்தியிருக்கலாம்."

"ஓம், பொறுத்திருக்கலாம்தானே" என்றேன் நானும்.

வெறுந்தட்டுகளை மடியில் வைத்திருந்த அம்மா தன் தம்பியைப் பார்த்து "வாயை மூடடா" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கும் சேர்த்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மோர்டன் ரயில் நிலையத்தடியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அக்கா வானின் கதவை இழுத்துத் திறந்து இறங்கி நடக்கத் தொடங்கினாள். ஓட்டிக்கொண்டிருந்த அப்பா வானை ஓரம் கட்டினார். "நீ ஓட்டு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். பின்கண்ணாடியால் பார்த்தேன். முன்னால் அக்கா, பின்னால் அப்பா. அவள் வேகத்தைக் கூட்டினால் அவர் கூட்டினார், குறைத்தால் குறைத்தார். இடைவெளி மாறவே இல்லை. எட்டிப்பிடித்து நல்ல ஏச்சுக் கொடுக்கப் போகிறார் என்று நம்பியிருந்தேன். இருவரும் வீடு வந்து சேர்ந்ததும் "ஏசினீங்களோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார் அப்பா. எனக்குப் பெருத்த ஏமாற்றம்.

பாரிஸ்காரருக்கு மறுநாள்தான் விமானம். ஆகவே மாலையில் அவரையும் வைத்துக்கொண்டே விவாதம் தொடர்ந்தது. பெரியப்பா திடீரென்று குரலைத் தணித்தார். முதலீட்டைக் காப்பாற்ற அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது.

"தம்பி, நீர் ஒண்டும் குறை நினையாதையும். சபையில பேர் அடிபட்டுப்போச்சு. நீரும் நல்ல பெடியன். உண்மையாவே பேசினால் என்ன? அடுத்த வருசத்துக்கும் உதவும்."

பாரிஸ்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "அண்ணை, எனக்கு மனிசி இருக்கிறா. பிள்ளைக்கு ரெண்டு வயசு."

மாமாதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப ஏன் ஐசே நீர் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லையே."

குசினியிலிருந்து அக்காவின் சிரிப்புக் கேட்டது. விட்டுவிட்டு, வெகுநேரம் கேட்டது. அவள் சிரித்துவிட்டாள், கோபம் போய்விட்டது, இனி எல்லாம் சரி என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சிரிப்பு மட்டும்தானா என்று எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இலையுதிர்காலத்தில் அவள் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குப் போக வசதி என்று ஊருக்குச் சொன்னோம். அப்பா தலைவர் பதவியை விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சண்டை மாமா வீட்டுக்கு இடம் மாறியது. அடுத்த கோடை வரைக்கும் எனக்கு அக்காவோடு கோபம் தீரவில்லை. இரண்டு கோல் என்றால் இரண்டு கோல். அவளுடைய கோபம் மாமாவின் பொய்யோடு என்றுதான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். மாமா எப்போதும் பொய் சொல்கிறவர். அவரோடு கோபித்து யாருக்கு என்ன பயன்? ஓமோ என்று ஒருவர் கேட்டபோது, மகளை ஒரு பக்கத்திலும் முதற்பாதியை ஒரு பக்கத்திலும் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டுப் புல்லைப் பார்த்தாரே அப்பா, அவள் கோபம் அதோடுதான். அந்தத் தெருவில் அவர் அவளை எட்டிப் பிடிக்காமலே நடந்ததும் ஏசுவதற்காக அல்ல.

போன மார்கழியில் வெம்பிளியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நான் நாலு புத்தகம் வாசித்தவன். ரயிலிலேயே வசனங்களைச் செப்பனிட்டுக்கொண்டு போயிருந்தேன். அக்கா துவைத்த உடுப்புகளை மடித்தபடி முழுவதையும் கேட்டாள். ஒரு தலையணை உறையை உதறி நான்காக மடித்து வைத்தாள்.

"முதல் கோல் ஓஃப்சைட், தெரியுமோ?" என்றாள். "கொடி பெரியப்பான்ர கையில இருந்தது. அவர் தூக்கேல்லை."