சனிக்கிழமை மட்டும் நின்ற இன்ஜின்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் ரயில் பட்டறைக்குப் பேர்போன செந்தூல் ஊர் குட்டியாக இருக்கிறது. பெரிய மேசை ஒன்றின் மேல் நானே அட்டை வெட்டி, சாயம் பூசி, தண்டவாளம் பதித்த பொம்மை ரயில் நிலையம். பட்டறைக் கூரைக்குத் துரு நிறம் சரியாக வராமல் பலமுறை சுரண்டிப் பூசினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்கு இதென்ன விளையாட்டு என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

அந்த அறைமேல் என் நாத்தனாருக்கு ஒரு கண். அவள் கிள்ளானில் இருந்துகொண்டு கைப்பேசியில் நேரலை போட்டுச் சேலை விற்கிறாள். சரக்கு எடுப்பது இங்கே, எங்கள் தெருவில்.

"அண்ணி, ரூம் சும்மாதானே கெடக்கு? சேலை மூட்டைய வச்சிக்கிறேன் லா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். என் கணவர் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்தார். தங்கை என்றால் அவருக்கு உயிர். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் இன்ஜின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. யாரோ ஓட்டிக் கழித்த பொம்மை டீசல் இன்ஜினை வாங்கி, மோட்டாரைக் கழற்றித் துடைத்து, உள்ளே புதிதாக ஒரு சிப் பொருத்தியிருந்தேன். கைப்பேசியைத் தட்டினால் தண்டவாளம் வழியே வரும் மின்சாரத்தில் ஓடும், ஹாரன் அடிக்கும். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடியது, சனிக்கிழமை காலையில் நிலையத்துக்கு எதிரே வந்து செத்துப்போனது. கம்பிகளை மறுபடி பற்றவைத்தேன். சிப்பையே மாற்றினேன். கடைசியில் தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துணியில் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ ஒட்டியது, வண்டி ஓடியது. அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடியும் நின்றது, அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே.

தூசி கிழமை பார்த்தா விழும்? வீட்டில் இருப்பதே நானும் அவரும்தான். "இன்னிக்கும் ஓடலையா?" என்று அவர் கேட்ட விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடாத ரயிலுக்கு ஒரு அறை எதற்கு என்று நாளைக்குக் கேட்கப்போகிறார், அண்ணனும் தங்கையும் பேசிவைத்துச் செய்கிற வேலை இது என்று முடிவே கட்டிவிட்டேன். சோறு போடும்போது கரண்டி சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எப்போதும் கடைக்குப் போய்விடுவேன். அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, "பாசாருக்குப் போயிட்டு வரேங்க" என்று குரல் கொடுத்து, வாசல் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டு, பின்னறைக்கு வந்து கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அவர் வந்தார். கையில் தூபக்கால். எனக்குப் புகை ஆகாது என்பதால் நான் வெளியே போகும் நேரத்தில்தான் அவர் வீடெல்லாம் சாம்பிராணி காட்டுவது வழக்கம். ஆனால் இந்த அறையில் அவர் நகரவே இல்லை. நிலையத்தருகே நின்ற இன்ஜினுக்குக் கிட்டத்தில் புகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விபூதியை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் தூவினார்.

"முருகா, இந்த வண்டிய ஓட வச்சுடுப்பா. ரூம் கெடையாதுன்னு தங்கச்சிகிட்ட சொன்ன நாள்லேர்ந்து வெள்ளிக்கு வெள்ளி உன் விபூதிய போடறேன். அவ என்கூட பேசறதே இல்ல. இதுவும் ஓடலன்னா இவ மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

தும்மல் முட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகையும் வந்தது. இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவர் எழுந்திருக்கும் முன் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். இன்ஜின் நிலையத்தைத் தாண்டி ஹாரன் அடித்தபடி ஓடியது. அவர் கைகூப்பினார். "பாத்தியா, நான் சொல்லல?" என்றார். அவர் என்னிடம் எதுவுமே சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை அவர் விபூதி தூவுகிறார். சனிக்கிழமை விடியலில் நான் துடைக்கிறேன். போன வாரம் அவர் சீக்கிரமே எழுந்து வந்து, அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஸ்பிரிட் வாசனை வருது? எனக்குத் தெரியாம இங்க என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். துணியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை.