சித்தப்பாவைத் தெரிவு செய்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைசிறந்த எல்லே வீரர்கள் அத்தனை பேரும் லண்டனில், மோர்டனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள், தூசி உறிஞ்சும் ஹூவருக்கும் அப்பாவின் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில், வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள். ஹூவரை வெளியே இழுக்கும்போதெல்லாம் ஒருவராவது சரிந்து என் காலில் விழுவார். "கவனம், பெரிய ஆக்கள்" என்று அம்மா குசினியிலிருந்து சொல்வார். அதில் மரியாதை எவ்வளவு, சலிப்பு எவ்வளவு என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியாது.

எல்லே என்பது தடியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு தரிப்பிடங்களையும் சுற்றி ஓடி வருகிற விளையாட்டு. ஓடுகிறவரைப் பந்தால் எறிந்தும் ஆட்டமிழக்கச் செய்யலாம். முதுகில் பட்டால் நன்றாக நோகும். அமெரிக்கர்கள் இதையே தொப்பியும் கையுறையும் போட்டு விளையாடிக்கொண்டு பேஸ்போல் என்கிறார்கள் என்பது பெரியப்பாவின் கட்சி.

பெரியப்பா அப்பாவின் தமையன். லண்டனுக்கு வருமுன் சில வருடங்கள் அமெரிக்காவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தவர். அங்கே இருந்த தொலைக்காட்சியில் பேஸ்போலைத் தவிர வேறொன்றும் ஓடாதாம். விளையாட்டைவிட, விளையாட்டு முடிந்த பிறகு நடக்கிற சண்டைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. எந்தப் பழைய ஆட்டக்காரர் புகழ் மண்டபத்துக்குள் போகத் தகுதியானவர், யாரை அநியாயமாக விட்டுவிட்டார்கள் என்று பெரிய மனிதர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் வாதாடுவார்களாம். நன்றாக அடித்தால் மட்டும் போதாது, பத்திரிகைக்காரரோடு சிரித்துக் கதைத்திருக்கவும் வேண்டும். அப்படிச் சிரிக்காதவர்களை விட்டுவிடுவார்கள். பிறகு அவர்கள் கிழவர்களாகியோ செத்தோ போன பின், இன்னொரு குழு கூடி, ஐயோ இவரை மறந்துவிட்டோமே என்று தெரிவு செய்யும். பெரியப்பாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருந்தது. பழைய மாணவர் சங்கத்துக்குத் தலைவரானதும் முதல் வேலையாக எங்களுக்கும் ஒரு புகழ் மண்டபம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

தீர்மானம் நிறைவேறியது. மண்டபம்தான் இல்லை. ஆகவே வருடத்தில் ஒருநாள் மட்டும் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுப்பார்கள். அப்பா படங்களைப் போர்வையில் சுற்றிக் கார் டிக்கியில் கொண்டுபோய் மாட்டுவார். விழா முடிந்ததும் கழற்றிக் கொண்டுவருவார். மீதி நாளெல்லாம் புகழ் எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்தது.

படங்களில் இரண்டு சாதி உண்டு. உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கு ஒன்றும் போடுவதில்லை. விழாவன்று அவருடைய கழுத்தில்தான் பூமாலை விழும். அவர் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருந்து வர முடியாவிட்டால் தங்கையோ மகனோ அவருக்காகக் கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொள்வார்கள். இறந்தவர் என்றால் மாலை படத்துக்கு; முன்னால் ஒரு விளக்கும் எரியும். இதை யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. எங்கள் சனத்துக்கு இதைப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன.

சித்தப்பா இந்த இரண்டு சாதியிலும் சேராதவர்.

அவர் என் அம்மாவின் தங்கையினுடைய கணவர். ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். காயத்தோடு கண்டேன் என்று ஒருவர் சொன்னார். இராணுவம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. சித்தி தனியாக லண்டனுக்கு வந்து, எங்களோடு பின்னறையில் இருந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. பகல், இரவு என்று கிடைத்த ஷிப்ட் எல்லாவற்றையும் எடுப்பார். வேலையால் வந்தால் கால் இரண்டும் வீங்கியிருக்கும். நெற்றியில் மட்டும் பொட்டு எப்போதும் அழியாமல் இருக்கும்.

சங்கத்தின் தெரிவுக் கூட்டம் எங்கள் முன்னறையில் நடக்கும். வருகிறவர்கள் எல்லோருமே களைத்தவர்கள். யாராவது ஒருவர் வேலைச் சட்டையோடு வந்திருப்பார், யாராவது ஒருவர் கொட்டாவி விடுவார், வருடாவருடம் அதே வாதம் நடக்கும். இவர் அடித்தால் பந்து கிணற்றடி தாண்டும். அவர் ஓட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் அடி போதாது. மற்றவர் நல்ல ஆட்டக்காரர்தான், சங்கத்துக்குச் சந்தா கட்டுவதில்லை. கடைசியில் "விடுபட்டோர்" என்ற பகுதி வரும். பெரியப்பாவின் செல்லப் பகுதி அது. யாராவது ஒருவர் சித்தப்பாவின் பெயரை மெல்லச் சொல்வார்.

உடனே சித்தி எழுந்து நிற்பார். அதே பள்ளிக்கூடத்தில் பெண்கள் அணிக்கு விளையாடியவர் என்பதால், அவர் சொன்னால் எடுபடும். சித்தப்பாவின் ஆட்டத்தை அவரைப்போல நார் நாராகக் கிழித்தவர் உலகத்தில் கிடையாது. ஒரு வருடம், "உயரமாய் வாற பந்தெல்லாத்தையும் விட்டிடுவார்" என்றார். அடுத்த வருடம், ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம். அதற்கடுத்த வருடம், "அடிக்கிறதெல்லாம் காத்திலை. அவரை இதுக்குள்ளை போட்டால் மற்ற ஆக்களுக்கு மரியாதையில்லை" என்றார். அங்கே இருந்த பாதிப்பேர் சித்தப்பாவோடு ஒன்றாக விளையாடியவர்கள். ஒருவராவது மறுத்துப் பேசியதில்லை. எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த ஆள் என்பார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சித்தப்பா தெரிவாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அவரை நான் கண்டதே இல்லை. படமாக வந்து எங்கள் அலுமாரிக்குள் இருந்தால் அவரும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரித்தானே என்பது என் கணக்கு. சொந்தப் புருஷனைச் சித்தி இப்படிக் குறை சொல்வது எனக்குப் பெரிய கோபம். யோசித்து ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். புகழ் மண்டபத்தில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் அணி என்று ஒன்று இருந்ததையே சங்கம் மறந்துவிட்டது. தன்னைக் கேட்கவில்லை என்ற பொறாமையில்தான் சித்தி அவரையும் விடமாட்டேன் என்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. சித்தி இரவு வேலை முடித்துவிட்டு வந்திருந்தார். பின்னேரம் மறுபடி போக வேண்டும். போய்ப் படு என்று அம்மா சொல்லியும் கேட்காமல், கோட்டைக்கூடக் கழற்றாமல் மூலைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். விடுபட்டோர் பகுதி வரும்வரை விழித்திருப்பதுதான் எண்ணம். ஆனால் அதற்கு முன் சந்தா பற்றிய விவாதம் வந்தது. சந்தா விவாதத்தில் நித்திரை கொள்ளாமல் இருப்பதற்கு இரும்பு உடம்பு வேண்டும். சித்தி ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதைக் கழற்றுவதற்குள் தலை சாய்ந்துவிட்டது.

அந்த வருடம் ஸ்ட்ரெதமிலிருந்து ஒருவர் புதுச் செயலாளராக வந்திருந்தார். நல்ல மனிதர், பிந்திய வகுப்புக்காரர், எங்கள் வீட்டு நிலவரம் தெரியாதவர். சித்தப்பாவின் பெயரை அவர் மெல்லச் சொல்லவில்லை. எழுந்து நின்றே சொன்னார்.

"இவரை விட்டிட்டு வேறை ஆரைப் போடுறியள்? அவர் அடிக்கிறதைப் பாக்கவே நாங்கள் மதிலிலை ஏறி இருப்பம். அவற்றை ஆட்டத்தைக் கண்ட ஆக்கள் உயிரோடை இருக்கேக்கையே செய்யவேணும்."

எல்லோரும் மூலைக் கதிரையைப் பார்த்தார்கள். சித்தி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எழுப்புவோமா என்று ஒருவர் கேட்டார். குசினி வாசலில் நின்ற அம்மாவுக்கு என்ன பேச்சு ஓடுகிறது என்று தெரியாது. தங்கையின் வீங்கிய காலை மட்டும்தான் தெரிந்தது. "பாவம், அவள் படுக்கட்டும்" என்றார். செயலாளர் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். கூட விளையாடியவர்களால் தூக்காமல் இருக்க முடியவில்லை. அப்பா கடைசி வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தோள் உயரத்துக்குத் தூக்கினார்.

கைதட்டலில் சித்தி திடுக்கிட்டு விழித்தார். யாருக்கு என்று தெரியாமலே, மரியாதைக்குத் தானும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, "ஆர் பிள்ளை?" என்று கேட்டார்.

"சித்தப்பா" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

சித்தி சட்டென்று வாசல் கதவைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு எழுந்து, ஒற்றைச் சப்பாத்தோடு போய், எல்லோருடைய கோப்பைகளையும் எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

சங்கத்தார் படம் கேட்டபோது சித்தி, "என்னட்டை இல்லை" என்றார். அவருடைய தலையணைக்கடியில் ஒன்று இருந்தது எனக்கே தெரியும். கடைசியில் பழைய அணிப் படம் ஒன்றிலிருந்து சித்தப்பாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினார்கள். முகம் மங்கல், தோளில் யாரோ ஒருவருடைய கை, ஆள் இல்லாமல் கிடந்தது.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. பொரித்த ரோல்ஸ் பலகாரத்தின் மணமும் மழைக்கோட்டு மணமும் கலந்திருந்தன. சித்தப்பாவின் முறை வந்ததும் செயலாளர் மேசைமேல் படத்தை நிமிர்த்தி வைத்து, முன்னால் ஒரு சின்னக் குத்துவிளக்கையும் தீப்பெட்டியையும் வைத்தார். காணாமல் போய் இத்தனை வருடமான ஒருவருக்கு வேறு எப்படிச் செய்வது என்று அவர் நினைத்திருக்கலாம். சித்தியை மேடைக்கு அழைத்தார்கள். பெரியப்பா தட்டில் இருந்த மாலையை எடுத்து, படத்துக்குப் போடும்படி அவரிடம் நீட்டினார்.

சித்தி மாலையைத் தொடவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போய், வேலைக்கு லீவு சொல்கிற குரலில், "அவருக்கு இண்டைக்கு வர ஏலாமல் போட்டுது. நான் வாங்கிக்கொண்டு போய்க் குடுக்கிறன்" என்றார்.

சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

பெரியப்பா விழித்தார். அடுத்தவர் மனைவியின் கழுத்தில் ஒரு ஆம்பிளை எப்படி மாலை போடுவது. முன்வரிசையில் இருந்த பெரியம்மா யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்தார். புருஷனின் கையிலிருந்து மாலையை வாங்கிச் சித்தியின் கழுத்தில் போட்டு, பின்னலில் சிக்கிய பூவை எடுத்துவிட்டார். பெரியப்பா விளக்கைத் தூக்கி மேசைக்குக் கீழே வைத்தார். கைதட்டுவதா கூடாதா என்று தெரியாமல் சனம் இருந்தது. நான்தான் முதலில் தட்டினேன்.

சித்தி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரோஜாவின் ஈரம் என் தோளில் பட்டது. அப்போதுதான் கேட்டேன், சித்தப்பா உண்மையிலேயே அவ்வளவு மோசமாகவா விளையாடுவார் என்று.

"ஆர் சொன்னது?" என்றார் சித்தி. "அவரைப்போல ஒருத்தரும் இல்லை."

வருடாவருடம் எழுந்து நின்று சொன்னதே நீங்கள்தானே என்று கேட்க வாயெடுத்தேன். சித்தி கண்ணை மூடிக்கொண்டார். களைப்பு என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி மாலையை ஈரத்துணியில் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்த கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, அங்கே வைத்தார். ஒரு கறிவேப்பிலைக் காம்பு பிழையான இடத்தில் இருந்தால் சத்தம் போடுகிற அம்மா, அதன்பிறகு எத்தனையோ நாள் மரக்கறியைக் குசினி மேசையிலேயே வைத்துச் சமைத்தார். ரோஜாவெல்லாம் கறுத்து, துணி பழுப்பேறி, தட்டைத் திறந்தால் ஒரு மணம் வரத் தொடங்கிய பிறகும் அம்மா அதில் கை வைக்கவில்லை. அப்பாவையும் வைக்க விடவில்லை. மேசையில் இடமில்லாத மரக்கறியெல்லாம் உறைபெட்டிக்குள் ஏறியதால், என் ஐஸ்கிரீம் டப்பாவைப் பட்டாணிப் பைக்குக் கீழே அடைத்து வைக்க வேண்டியிருந்தது. மற்ற வீடுகளில் இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு பெரிய பிரிட்ஜ் இருந்தால் இந்தத் தொல்லையே இருக்காது என்று அப்பாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். வாங்குவோம், வாங்குவோம் என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அப்போது குறையாக இருந்தது அது ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன்.