காலுக்குத் தெரிந்த கோடு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய வீட்டை ஒரு ஆர்க்கிடெக்ட் தன் குடும்பத்துக்காகவே கட்டினார். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. சிறு வயதிலிருந்தே கண் தெரியாத அவர் மகள் இப்போது அங்கே தனியாக இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள் வந்து வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நான் ஈஜிபுராவிலிருந்து அங்கே தரை வேலைக்குப் போனேன். அந்த வாரம் அம்மா மைசூருக்குப் போயிருந்தார். வெளியூரில் இருக்கும் அவர் தம்பி, விரிசலையெல்லாம் அடைத்துவிடுங்கள் என்று போனில் சொன்னார். சிவப்பு ஆக்சைடு தரையில் விரிசல்கள் நிறைய. அதோடு, சுவரை ஒட்டிப் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஓடியது. ஒயர் பதிக்க வெட்டி, மூடாமல் விட்டது என்று நினைத்தேன். போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்குக் கேள்வி கேட்கக் கூச்சம். அடைத்துவிட்டேன். பழைய சிவப்போடு என் சிவப்பு சேரவில்லை, அதுதான் உறுத்தியது.

அம்மா திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரம் காலால் தடவினார். நின்றார். மறுபடி தடவினார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, இங்க ஒரு கோடு இருக்குமே?"

"அடைச்சிட்டேம்மா."

"சுவத்தப் புடிச்சிட்டே நடந்தா கையில என்னத்த எடுத்துட்டுப் போறதுன்னுதான் அப்பா காலுக்கு வழி வெச்சாரு," என்றார். பிறகு சிரித்தார். "பெங்களூர்ல ரோட்டத் தோண்டுவாங்க, மூட மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் மூடியிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். கோடு ஓடிய இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. சேராத என் சிவப்பே காட்டிக்கொடுத்தது. கட்டிங் மெஷினை எடுக்கவில்லை. அதில் வெட்டினால் விளிம்பு காலைக் கிழிக்கும். உளியால் கொத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் வெறுங்காலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்று நாள் ஆனது. அதுவரை தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மா என்னைக் கேட்டார். ஒவ்வொரு தடவையும், வேலையைக் கெடுக்கிறேனே என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோட்டில் கால் வைத்து மெதுவாகச் சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது சாதாரணமாக நடந்து வந்தார். இரண்டு கையிலும் டீ டம்ளர். ஒன்று எனக்கு.