நாற்பத்தொன்றாம் சீட்டு

கேட்டவர்கள் எல்லோரும் கட்டுக்கதை என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இது எனக்கு நடந்தது. செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், நாலு மணி இருபது நிமிடத்துக்கு நடந்தது. நான் குடிக்கிறவள் இல்லை. நிழலைப் பார்த்து அலறுகிறவளும் இல்லை. ஆனால் பொறாமைக்காரி. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது.

என் பெயர் நெரெய்தா. கணவன் பெயர் ஃபெர்மின். எங்கள் ஊர் லா கலேத்தாவில் ஒலிபெருக்கி வண்டி ஓட்டுகிறவன் அவன்தான். பழைய வெள்ளை வண்டி, கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். நவம்பர் முதல் ஈஸ்டர் வரை வெளிநாட்டுக்காரர்கள் வந்து ஊரை நிறைப்பார்கள். அப்போது படகுச் சவாரி, மீன் விருந்து என்று விளம்பரம் போகும். செப்டம்பரில் கடற்கரையில் நாய்களும் நாங்களும்தான். மழை, கொசு, பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும் துணி. அப்போது வண்டியில் ஊர்ச் செய்தி மட்டும்தான். நாளை தண்ணீர் வராது. கால்பந்துத் திடலில் முதலை ஏறிவிட்டது, பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பழுப்பு நாயைக் காணவில்லை, லோலா என்று கூப்பிட்டால் வரும். இன்னார் இறந்துவிட்டார், இத்தனை மணிக்கு ஜெபமாலை.

செய்தி சொல்ல வேண்டியவர்கள் சீட்டில் எழுதி எங்கள் சமையலறை ஜன்னலில் கொடுப்பார்கள். வாங்கியதும் மேல் மூலையில் சிவப்புப் பென்சிலால் நம்பர் போடுவேன். பிறகுதான் படிப்பேன். மதியம் ஃபெர்மின் அவற்றைப் படித்துப் பதிவு செய்வான். மூன்றரைக்கு வண்டி கிளம்பும்.

ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும். ஒன்பது நாள் ஜெபம் முடியும் வரை அப்படித்தான். அதனால் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே குரல் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே எந்தத் தெருவில் துக்கம் என்று சொல்லிவிடுவேன்.

அவன் குரல் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். தண்ணீர் வராது என்று அவன் சொன்னால்கூட வாசலுக்கு வந்து நின்று கேட்கிற பெண்கள் உண்டு. சோள ரொட்டிக் கடை ஓர்த்தென்சியா என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏன்டி நெரெய்தா, ராத்திரி உன் காதுகிட்டயும் நாளைக்குத் தண்ணி வராதுன்னு இப்படித்தான் சொல்வானா?"

சிரிப்பேன். உள்ளே எரியும்.

அந்த எரிச்சலுக்கு ஒரு பெயரும் உண்டு. கசில்தா. இருபது வருடத்துக்கு முன் கல்யாண வீடுகளில் ஃபெர்மினோடு சேர்ந்து பாடியவள். பிறகு வடக்கே, எல்லையோர நகரமான திஹுவானாவுக்குப் போய்விட்டாள். போன மே மாதம் திரும்பி வந்து, சேய்பா தெருவில் மஞ்சள் கதவு வீட்டை வாடகைக்கு எடுத்தாள். மேட்டுத் தெரு அது. மற்ற வீடெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுடையது, நவம்பர் வரை பூட்டியே கிடக்கும். வந்த வாரமே சந்தையில் என் கண் முன்னால் அவனிடம், "உன் குரல் அப்படியே இருக்கு" என்றாள். ஐம்பது வயது ஆள், காது மடல் சிவக்க நின்றான். அன்றைக்குப் போன தூக்கம் எனக்கு இன்னும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. காலை பத்தே கால். தண்ணீர் கேன் போடுகிற மாக்லோவியோ ஒரு சீட்டை நீட்டினான்.

"மஞ்சள் கதவு வீட்டம்மா மாடியிலேர்ந்து போட்டாங்க. குடுத்துடச் சொன்னாங்க."

நம்பர் போட்டேன். நாற்பத்தொன்று. பிறகு படித்தேன்.

'சேய்பா தெரு, மஞ்சள் கதவு வீடு. உடம்புக்கு முடியவில்லை. படி இறங்க முடியவில்லை. கூட இருக்க ஒரு பெண் தேவை. ஃபெர்மின், உன் வாயால் நன்றாகச் சொல்லு. கசில்தா.'

முதல் வரிகள் என் கண்ணில் நிற்கவே இல்லை. உன் வாயால். அது மட்டும்தான் நின்றது. ஆள் வேண்டுமென்றால் அவளே தேடிக்கொள்ளட்டும் என்று அடுப்பில் போட்டேன். ஓரத்திலிருந்து சுருண்டு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன். நாற்பத்தொன்று என்ற நம்பரை அடுத்து வந்த லோலா நாய்ச் சீட்டுக்குக் கொடுத்தேன்.

நாலாம் நாள், செப்டம்பர் முதல் தேதி. வண்டி மருந்துக் கடையைத் தாண்டியது, கோயிலைத் தாண்டியது, மேடு ஏறியது. காதால் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். சரியாக நாலு இருபதுக்குக் குரல் நின்றது. நாலு இருபத்து நாலுக்குத் திரும்ப வந்தது. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்...

"சேய்பா தெருவுல ஏன் அணைக்கிற? அங்க யார் செத்தா?"

"நான் எங்க அணைச்சேன்? அந்த இடத்துக்குப் போனா அதுவா நின்னுடுது. வயர் லூஸ். இறங்கி ஆட்டினா வந்துடும்."

"ஊரெல்லாம் சுத்துற வயரு அந்த ஒரு வாசல்ல மட்டும் லூஸாகுதா?"

"ஆரம்பிச்சுட்டியா" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனான்.

இருபத்திரண்டு நாள் அந்த நாலு நிமிடத்தை எண்ணிக்கொண்டு இருந்தேன். நாலு நிமிடத்தில் என்னவெல்லாம் பேசலாம் என்று யோசித்து யோசித்தே பாதி ஆளாகிவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குடையை எடுத்துக்கொண்டு நானே மேடு ஏறினேன். நாலு ஐந்துக்கு மஞ்சள் கதவுக்கு எதிரே, பூட்டிக் கிடந்த ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுச் சுவர் ஓரம் ஒளிந்து நின்றேன். வானம் கறுத்துக் கிடந்தது. மழை இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

நாலு பத்தொன்பது. வண்டி திரும்பியது. "நாளை காலை கொசு மருந்து அடிக்க வருகிறார்கள், ஜன்னல்களைத் திறந்து..."

நின்றுவிட்டது.

கண்ணை இமைக்காமல் பார்த்தேன். அவன் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. எதையும் அணைக்கவில்லை. இறங்கினான். வயரை ஆட்டினான். குழாயைத் தட்டினான். கெட்ட வார்த்தை சொன்னான். மஞ்சள் கதவு பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நாலு இருபத்து நாலுக்கு ஏறிப் போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. போய் மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று நினைத்துக் குடையை எடுத்தேன்.

அப்போது மாடி ஜன்னலில் திரை விலகியது. நாலு விரல். வண்டி போன திசையில்... மெல்ல அசைந்தன...

சந்தோஷம் அதோடு போயிற்று. அவன் பார்க்காவிட்டால் என்ன, இவள் தினமும் பார்க்கிறாள். இன்றைக்கு நேரில் கேட்டுவிடுவது என்று தெருவைக் கடந்தேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே சுவரோரம் மூன்று தண்ணீர் கேன்கள், மாக்லோவியோ வாரத்துக்கு ஒன்றாய் வைத்துவிட்டுப் போனவை. மூன்றும் முழுசு. மூடி பிரிக்கவில்லை. முதல் கேனின் மேல் பாசி படர்ந்திருந்தது.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

"கசில்தா" என்று கூப்பிட்டேன். அழுகிய கொய்யா வாசனை அடித்தது. கொல்லையில் மரம் இருக்கும் என்று நினைத்தேன். படியில் கால் வைத்தேன்.

மேலே யாரோ பேசினார்கள்.

ஃபெர்மினின் குரல்.

வெளியே, மேட்டுக்கு அந்தப் பக்கம், அதே குரல் கொசு மருந்து பற்றிச் சொல்லிக்கொண்டே போனது. தூரத்தில் கேட்டது. உள்ளேயும் கேட்டது. இரண்டும் ஒரே சமயத்தில்.

உள்ளே கேட்டது வேறு செய்தி.

"சேய்பா தெரு, மஞ்சள் கதவு வீடு. உடம்புக்கு முடியவில்லை. படி இறங்க முடியவில்லை. கூட இருக்க ஒரு பெண் தேவை..."

அவன் பார்க்கவே பார்க்காத சீட்டு. நான் எரித்த சீட்டு.

முடிந்தது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பெண் குரல். வறண்ட குரல்.

"இன்னொரு தடவ படி."

மறுபடி படித்தான். வெல்லப்பாகாக. என்னிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை. அந்த நிலையிலும் எனக்கு அதுதான் தோன்றியது.

"போதும்" என்றாள் அவள். "ஆள் வந்தாச்சு."

நாற்காலி நகர்ந்தது.

ஒரு அடி... இழுத்து வைத்த அடி...

இன்னொரு அடி...

படியின் உச்சி வரை வந்து நின்றது.

நான் பார்க்கவில்லை. ஓடினேன்.

குடையை எங்கே போட்டேன் என்று தெரியாது. நாலு முப்பத்தொன்றுக்கு ஓர்த்தென்சியா கடையில் நின்றேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். கேலி எதுவும் செய்யவில்லை. "மஞ்சள் கதவு வீட்ல என்னமோ சரியில்ல" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

ஐந்து பத்துக்கு ஊர்க் காவலர் சிரியாக்கோ உள்ளே போனார். ஐந்து பதினொன்றுக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

மாடி ஜன்னலோரம், நாற்காலியில், தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். இறந்து மூன்று வாரத்துக்கு மேல் என்றார் டாக்டர். செப்டம்பர் முதல் தேதி வாக்கில் இருக்கும் என்றார். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் ஆள் இருந்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஒரு அறிவிப்பு போயிருந்தாலே போதும், தெரிந்திருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இல்லை. அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஏழு மணிக்கு ஃபெர்மின் வந்தான். மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தான்.

"அவ கைக்குள்ள இருந்துச்சாம். சாவுச் செய்தி எழுத பேரு, விலாசம் இருக்குன்னு சிரியாக்கோ குடுத்தான்."

மடிப்பு மடிப்பாய்க் கசங்கிய சீட்டு. ஒரு ஓரம் கருகியிருந்தது.

மேல் மூலையில் சிவப்புப் பென்சில். நாற்பத்தொன்று. என் கையெழுத்து.

அவன் நம்பரைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் சாவை அவனே அறிவித்தான். ஒன்பது நாள் அந்த வாசலில் அவனே அணைத்தான். பத்தாம் நாள், அக்டோபர் மூன்று, நாலு இருபதுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சேய்பா தெரு முழுக்கக் குரல் தடையில்லாமல் போனது. அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நாலு ஐம்பத்திரண்டு. வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பியது. நெருங்கியது.

எங்கள் வாசலில் குரல் நின்றது.

ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். இறங்கி வயரை ஆட்டவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் முதுகுக்குப் பின்னால், அடுப்புப் பக்கத்தில், அவன் குரல் தொடங்கியது.

"சேய்பா தெரு, மஞ்சள் கதவு வீடு..."

தினமும் இப்படித்தான், இன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சீட்டைப் பையில் வைத்த நாளிலிருந்து ஃபெர்மின் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறான், திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

அதனால் நாலு ஐம்பதுக்கே சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டுக்குள் அவன் குரல் கேட்பது அந்த நாலு நிமிடம் மட்டும்தான்.

அதையும் அவள்தான் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.